நினைவில் நிறுத்தும் செயற்கை விழித்திரை

சாரல் காலத்தில் தென்காசி வழியே குற்றாலம் செல்வோர், பேரருவியை ஒருமுறை கண்டால் ஊர் திரும்பிய பின்னும் அதை மனக்கண்ணில் காண்கின்றனர். பார்த்தலும் நினைவில் நிறுத்தலும் இணைந்தே நிகழ்கின்றன. இவ்விணைப்பைக் கருவியில் கொணரவே விஞ்ஞானிகள் இன்று முயல்கின்றனர்.

கி.பி. 965இல் பஸ்ராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணில் புகுவதாலேயே பார்வை உண்டாகிறது என்று ‘கிதாபுல் மனாழிர்’ எனும் நூலில் விளக்கினார். கண்டதை இன்னதென்று அறிய, முன்பே மனத்தில் பதிந்த உருவமும் வேண்டும் என்றார்.

நம் விழித்திரையில் ஒளியுணரும் செல்கள் 12 கோடிக்கு மேல் உள்ளன. மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பிலோ சுமார் 10 இலட்சம் இழைகளே. ஆகவே விழித்திரை, கண்டவற்றைச் சலித்தே அனுப்புகிறது. இதைப் பின்பற்றும் புதிய ஒளியுணர் பொருள்களில், ஒளி அணைந்த பின்னும் அதன் மின்சுவடு சற்றே தங்குகிறது. ஒளி மீண்டும் மீண்டும் பட்டால் அது நீடிக்கிறது. நினைவின் தொடக்கம் இதுவே.

விழித்திரை வளைந்தது; விறைப்பான சிலிக்கான் சில்லு அதில் படியாது. எனவே வளையக்கூடிய பாலிமர் ஏடுகளை ஆய்வாளர் நாடுகின்றனர். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் பேராசிரியர் கே.எஸ். நாராயண் குழுவினர், ஒளியை உணரும் பருவம் எய்தாத கோழிக் கருவின் விழித்திரையைப் பாலிமர் ஏட்டின்மீது வைத்து ஒளி பாய்ச்சினர். ஏடு ஒளியை மின்குறிப்பாக மாற்ற, நரம்புச் செல்கள் மின்துடிப்புகளை எழுப்பின. இம்முடிவு 2014இல் வெளியாயிற்று.

ஆயினும் ஆய்வுக்கூடத்திற்கும் நோயாளிக்கும் இடையே தொலைவு அதிகம். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘ஆர்கஸ் 2’ கருவியில் மின்முனைகள் 60 மட்டுமே. அது வெளிச்சத்தையும் அசைவையும் ஓரளவே உணர்த்திற்று. பின்னர் அதன் தயாரிப்பும் நின்றது. பார்வை நரம்பே கெட்டவர்க்கு இவ்வகைக் கருவி பயன்படாது.

ஒளியுணரும் செல்கள் மெல்லச் சிதையும் பரம்பரை நோய்க்கென அமைந்த கருவி அது. இந்நோயின் முதல் அறிகுறி, அந்திப் பொழுதில் தடுமாறுதல். நெருங்கிய உறவில் மணமுடிப்போரின் பிள்ளைகளுக்கு இத்தகைய நோய் வரும் வாய்ப்புக் கூடுதல். ஆகவே பெற்றோர்களே, மாலையில் தடுமாறும் குழந்தையை ‘சத்துக் குறைவுதான்’ என்று விட்டுவிடாதீர்கள். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் இந்நோய் உண்டெனில், உறவில் சம்பந்தம் பேசுமுன் மருத்துவ ஆலோசனை பெறுங்கள். செயற்கை விழித்திரை வரும்போது வரட்டும். இருக்கும் பார்வையைக் காப்பது இன்றே நம் கடமை.