பாடு இல்லாதவர்க்கும் ஒரு தெனாரியம்

திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை (மத்தேயு 20:1-16) திருப்பலியில் வாசிக்கப்படும் ஞாயிறுகளில், விடியல் முதல் வெயிலில் வாடியவனுக்கும் மாலையில் ஒரு மணி நேரமே உழைத்தவனுக்கும் ஒரே கூலியா என்ற முணுமுணுப்பு நம்மில் பலருடைய உள்ளத்தில் எழுவதுண்டு. மரணப் படுக்கையில் மனந்திரும்பினவனுக்கும் மோட்சம் உண்டு என்று விளக்கி முடித்துவிடுவது நம் பிரசங்க வழக்கம். அவ்விளக்கம் தவறன்று. ஆயினும் பழவேற்காட்டு ஏரிக்கரையில், தோணிரேவு முதலிய மீனவர் ஊர்களின் நடுவே நின்று வாசிக்கும்போது அவ்வுவமை வேறொன்றையும் பேசுகின்றது.

அவ்வேரியில் ‘பாடு’ என்றொரு முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இறால் மிகுந்து ஓடும் நீர்ப்பகுதிகள் எவருடைய தனிச் சொத்துமல்ல. உரிமையுள்ள ஊர்கள் தமக்குள் முறை வைத்து, தலைக்கட்டுகளுக்குள் சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று தீர்மானிக்கின்றன. நல்ல இடம் இன்று ஒருவருக்கு, நாளை வேறொருவருக்கு. எல்லா வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. தெனாரியம் என்பதும் அக்காலத்தில் ஒரு நாட்கூலி. அரைத் தெனாரியம் கொண்டுபோனால் வீட்டில் அரை வயிறே நிரம்பும். தோட்டக்காரர் எண்ணியது அந்த வயிறுகளையே. (உழைப்புக்கும் ஆண்டவரின் திருப்பாடுகளுக்கும் இதே ‘பாடு’ என்ற சொல்லை வழங்கும் நம் தமிழை என்னென்பது!)

ஆனால் பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதற்கு வெளியே நிற்பவரும் இருப்பர். பாட்டுரிமை ஊராலும் பிறப்பாலும் வருவது. அஃதில்லாதவருள், சேற்றுநீரில் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் உண்டு. முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வளம் குன்றக் குன்ற, உரிமையுள்ளவர்க்கும் உரிமை கேட்பவர்க்கும் இடையே பூசல்கள் நேர்ந்துள்ளன.

மாலை ஐந்து மணிக்குச் சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகளல்லர். தங்களை எவரும் அழைக்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன விடை. தோட்டக்காரருக்குக் கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். கூலி கொடுக்கவே அவரை ஏவினார். ஆள் தேடி ஐந்து முறை நடந்தவர் தோட்டக்காரரே. இறையன்பின் நடை அது. கடைசியில் வந்தவரிலிருந்து கூலி கொடுக்கச் சொன்னதையும் கவனியுங்கள். முந்தினவர்க்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் மகிழ்ந்து வீடு போயிருப்பர், முணுமுணுப்பே எழுந்திராது. பிந்தி வந்தவன் முழுக்கூலி பெறுவதை அவர்கள் கண்ணால் காண வேண்டுமென்று அவர் விரும்பினார் என்றே நாம் கருதுகிறோம்.

மீனவர் ஒரு தடை சொல்லக்கூடும். தோட்டக்காரரின் பணப்பை பெரிது. முந்தினவர் கூலியில் ஒரு காசும் குறையவில்லை. ஏரியோ அப்படிப்பட்டதன்று. புதிதாய் ஒரு பெயர் சேர்ந்தால் ஒவ்வொருவருடைய முறையும் தள்ளிப்போகும். நியாயமான தடைதான், உவமை அதைத் தீர்த்து வைக்கவில்லை. முந்தினவர் என்ன மறுமொழி கூறினர் என்று மத்தேயு எழுதவில்லை. மறுநாள் விடியலில் சந்தைவெளிக்கு வந்தபோது, முந்தைய நாள் ஐந்து மணிக்கு வந்தவனைத் தம்மருகே நிற்க விட்டனரா என்பதையும் அவர் எழுதவில்லை.