உங்களுக்குத் தெரியுமா? பேனை நீளப் புழுவும் பெரிய கொடுவாவும்

◆ கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து களனிப் பாலத்தைத் தாண்டினால் பேலியகொடை. புறக்கோட்டை சென். ஜோன்ஸ் மீன் சந்தை 2011இல் இங்கே குடிபெயர்ந்தது. அறக்குளா, பாரை, சூரை என்று விடியுமுன்னே லொறி லொறியாகக் கைமாறும். இந்தக் குவியல்களில் ட்ரவுட் என்ற குளிரோடை மீனைத் தேடிப் பயனில்லை. ஆனால் சந்தைக்குப் பக்கத்தில் ஓடும் களனி கங்கைக்கு நீர் தரும் மலைப்பகுதிகளில் ஒன்றான ஹோட்டன் சமவெளியில் அந்த மீன் இருக்கிறது. மகாவலிக்கும் வளவைக்கும்கூட அந்தச் சமவெளிதான் தலைநீர்.

◆ ட்ரவுட் நம்மூர் மீன் அல்ல. 1880களில் நுவரெலியாவின் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காக முட்டைகளாகக் கப்பலில் வரவழைத்தது பிரவுன் ட்ரவுட். பின்னால் வந்த ரெயின்போ ட்ரவுட்தான் குளிர் ஓடைகளில் தானே குஞ்சு பொரித்து நிலைத்தது. அதே ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிற்றிறால் இனம் வாழ்கிறது. துரைமாரின் மீனுக்கு அது நல்ல தீனி. அங்கே தூண்டிலோடு போய் நிற்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1988 முதல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா.

◆ நீலகிரி ஓடைகளுக்கு ரெயின்போ ட்ரவுட் முட்டைகள் போய்ச் சேர்ந்தது 1909-10 அளவில். அனுப்பிய நாடுகளில் இலங்கையும் ஒன்று.

◆ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ட்ரவுட் பிடிக்கத் தூண்டில் இரையாக விற்கும் செயற்கை ஈக்களில் பல, இலங்கைத் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் இறகும் நூலும் சுற்றிக் கையால் கட்டியவை. கட்டியவர்களில் எத்தனை பேர் ட்ரவுட்டைக் கண்ணால் கண்டிருப்பார்கள் என்பது வேறு கதை.

◆ ‘ரப்பர் புழு’ என்று நம் பையன்கள் சொல்லும் தூண்டில் இரையில் ரப்பர் கிடையாது. அது மென்மையாக்கிய பிவிசி. திரவமாக இருப்பதைச் சூடாக்கி அச்சில் ஊற்றினால் ஆறும்போது ஜெலி போல இறுகும். 1949இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் மனைவியோடு சேர்ந்து வீட்டு அடுப்பில் காய்ச்சி வார்த்ததுதான் இன்றைய பிளாஸ்டிக் புழுக்களின் மூத்த பிள்ளை. டயர் ஆலைகளால் பெயர் பெற்ற அக்ரனில் பிறந்தும் அது ரப்பராகவில்லை!

◆ இந்தப் புழுக்களில் மிகவும் பேர்போனது வாலும் இல்லாமல் காலும் இல்லாமல் வெறும் குச்சிபோல இருக்கும். கேரி யமமோட்டோ என்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் அதன் வடிவத்துக்கு மாதிரியாக எடுத்தது மேசையில் கிடந்த சாதாரண பேனையை என்பார்கள். பிளாஸ்டிக்கோடு நிறைய உப்பைக் கலந்தார். உப்பு எடையைக் கூட்டுவதால் ஈயம் கட்டாமலே புழு மெல்லத் தாழும். தூண்டில் முள்ளை அதன் நட்டநடு இடுப்பில் குத்திப் போட்டுப் பாருங்கள். நடுப்பகுதி முதலில் இறங்க, இரண்டு முனைகளும் நடுங்கிக்கொண்டே பின்னால் வரும். மீன் கவ்வுவது பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான். எறிந்தவுடன் ரீலைச் சுற்றத் தொடங்குகிறவருக்கு இது வாய்க்காது. தங்கூசியைத் தளர விட்டு, அது நீரைத் தொடும் இடத்தையே பார்த்திருக்க வேண்டும். அந்த இடம் பக்கவாட்டில் நகர்ந்தால் மீன் வாயில் இருக்கிறது என்று அர்த்தம்.

◆ பாரம் குறையக் குறைய மீனின் சந்தேகமும் குறையும். பாஸ் எனும் அமெரிக்க மீனுக்கு இரண்டு கிராமுக்கும் குறைந்த ஈயத் தலையில் விரல் நீளப் புழுத்துண்டைக் கோத்து அடியில் மெல்ல இழுப்பவர்கள் உண்டு. ட்ரவுட்டுக்கு இன்னும் சின்னது. அது நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஆகவே மேல்பக்கம் எறிந்து ஓட்டத்தோடு வரவிட வேண்டும்.

◆ சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் மூடிய நம் குளங்களில் வெறும் முள் போட்டால் கிடைப்பது பாசிதான். அதற்கும் வழி இருக்கிறது. முள் நுனியைப் புழுவின் தலையில் கொஞ்சம் நுழைத்து வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, நுனியை மறுபடி உடம்புக்குள் புதைத்துவிட வேண்டும். பாசி வழுக்கிப் போகும். விரால் கடித்தால்தான் முள் வெளியே வரும்.

◆ அமெரிக்கர்கள் பாஸ் என்று கொண்டாடும் ‘லார்ஜ்மவுத் பாஸ்’ உண்மையில் பாஸ் குடும்பமே அல்ல. ஜப்பானுக்கு அது 1925இல் போனது. 2009இல் பீவா ஏரியில் பிடிபட்ட ஒன்று பத்துக் கிலோவைத் தாண்டி, ஜோர்ஜியா மாநிலத்தின் 1932ஆம் ஆண்டு உலக சாதனையைச் சமன் செய்தது. அதே ஏரியில், பிடித்த பாஸை மறுபடி நீரில் விடுவதற்குத் தடை. உள்ளூர் மீன்களை அது தின்று தீர்ப்பதால் வந்த சட்டம். நமக்கும் பாடம் இல்லாமலில்லை. அலங்காரத் தொட்டிகளிலிருந்து தப்பிய கத்திமீன் பொல்கொடை வாவி வரை போய்விட்டது.

◆ கிழிந்த புழுவைத் தண்ணீரில் வீசினால் என்ன ஆகும்? 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தொட்டியின் அடியில் கிடந்த பிளாஸ்டிக் இரைகளை ட்ரவுட்கள் தாமாகவே தின்றன. தின்றவை எடை இழந்தன. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் நம் கடற்கரைகளில் பனிபோலக் குவிந்ததைப் பார்த்தவர்கள் நாம். கிழிந்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது பெரிய சிரமமில்லை.

◆ சரி, பேலியகொடையில் கிடைக்கும் பாஸ் எது? நம் கொடுவாதான். உணவகங்களில் சீ பாஸ், ஆஸ்திரேலியாவில் பரமுண்டி, சிங்களத்தில் மோதா. நீர்கொழும்புக் களப்பிலும் கங்கை முகத்துவாரங்களிலும் உப்புநீர், நன்னீர் இரண்டிலும் வாழும். லேசான ஈயத் தலையில் கோத்த பிளாஸ்டிக் மீன்குஞ்சுக்கு ஆசைப்பட்டுப் பாயும். ஆனால் அதன் செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி. மெல்லிய தங்கூசியை ஒரு தலையாட்டலில் அறுத்துவிடும். ஆகவே முள்ளுக்கு முன்னால் ஒரு முழம் தடித்த நைலோன் கட்டாயம். கழுவும்போது விரலையும் கவனியுங்கள்.

◆ கொடுவா பிறப்பது ஆணாக. சில வருடம் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். எனவே உங்கள் தூண்டிலில் மாட்டுகிற மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாய். குயின்ஸ்லாந்தில் 120 செ.மீ.க்கு மேற்பட்ட பரமுண்டியை வைத்துக்கொள்ளப் பொதுவாகச் சட்டம் இடம்தராது. குழம்புக்கு நடுத்தர மீன்தான் ருசி. அந்தப் பெரியதைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.