உங்களுக்குத் தெரியுமா? கல்லீரலுக்குள் ஒரு மணலி

சென்னையில் கொருக்குப்பேட்டைக்குப் பக்கத்து மணலியில், மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலை 1971 முதல் அமோனியாவை யூரியாவாக்கி வருகிறது. அதற்குச் சுமார் 180 டிகிரி சூடும், காற்றழுத்தத்தைப்போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும் வேண்டும். அதே வேலையை நம் கல்லீரல் 37 டிகிரியில் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறது. பருப்பு, மீன், முட்டையின் புரதம் சிதையும்போது வரும் அமோனியா இப்படித்தான் யூரியாவாகிச் சிறுநீரில் போகிறது. 1932இல் இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜெர்மனியில் இருந்த கிரெப்ஸும் ஹென்ஸலைட்டும்.

இந்த வேலைக்கு ஆறு நொதிகள் வேண்டும். அவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருப்பதுதான் யூரியா சுழற்சிக் குறைபாடு. சுமார் 35,000 பிறப்புகளில் ஒன்று என்பது ஒரு மதிப்பீடு.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியாக் குழாய் கசிந்தபோது, நெடி ஊரையே எழுப்பிவிட்டது. ரத்தத்தில் ஏறும் அமோனியாவுக்கு அப்படி நெடி கிடையாது. இந்தக் குறைபாட்டோடு, நன்றாக அழுதுகொண்டு பிறந்த குழந்தை ஒன்றிரண்டு நாளில் பால் குடிக்க மறுக்கும், தூங்கி வழியும், வேகமாக மூச்சு வாங்கும். பார்ப்பதற்குக் கிருமித் தொற்று போலவே இருப்பதுதான் சிக்கல். “அமோனியா டெஸ்ட் பார்த்தீங்களா டாக்டர்?” என்று கேட்பதில் தப்பே இல்லை. எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும்; தாமதித்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். மீன் விற்கும் காசிமேட்டுக்காரர்களுக்கு ஐஸின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஊறுகாய் பாட்டிலில் ‘சோடியம் பென்சோயேட்’ என்று போட்டிருக்கும். அதே பொருள்தான் இந்த நோய்க்கு மருந்து. கிளைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரில் வெளியேறும். கூடவே நைட்ரஜனும் போய்விடும். அதற்காக ஊறுகாயை நக்கிப் பயனில்லை, அளவே வேறு!

இந்த நோயில் ஒரு வகைக்கு சிட்ருலினீமியா என்று பெயர். அந்தப் பெயருக்கு மூலம் நம் வெயில்கால நண்பன் தர்பூசணி: அதன் சாற்றிலிருந்துதான் 1914இல் ஜப்பானியர்கள் சிட்ருலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்பார்கள். இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு லங்கணமே விஷம். பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைக்கும். அதிலிருந்தும் அமோனியாதான் வரும். காய்ச்சல், வாந்தி என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். புரதத்தை அடியோடு நிறுத்துவதும் தவறு. அளந்து கொடுக்கும் பத்தியம் இது, அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடுமையான வகைகளுக்குக் கல்லீரல் மாற்று சிகிச்சையும் உண்டு.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. பெற்றோர் இருவரிடமும் ஒரே நொதியின் பழுது மறைந்திருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அத்தை மகன், தாய்மாமன் என்று முடிச்சுப் போடும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது.

2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் இந்தக் குறைபாடும் இருக்கிறது. சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கலாம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் அத்தகைய மையமே.

யூரியா சுழற்சிக் குறைபாடுகளில் அதிகம் காணப்படும் ஓ.டி.சி. என்ற நொதியின் குறைபாடு மட்டும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. சொந்தமோ அசலோ, அதற்குக் கணக்கில்லை. பழுதைச் சுமக்கும் சில பெண்கள் காரணம் தெரியாமலே மீனையும் கறியையும் சின்ன வயதிலிருந்து ஒதுக்குவார்கள். ‘மீன்காரர் வீட்டுப் பெண்ணுக்கு மீன் பிடிக்கலையாம்’ என்று கேலி செய்வோம். அவளே பிரசவமான சில நாளில் சம்பந்தமில்லாமல் பேசினால், மந்திரிக்கத் தாயத்து தேடும் முன் அமோனியா அளவைப் பாருங்கள்.