குளித்த தண்ணீருக்கும் கணக்கு கேட்கலாம்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்று இருந்த நான்கோடு 2022-இல் அரசு இரண்டைச் சேர்த்தது: உள்ளாட்சி நாளான நவம்பர் 1, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. குடிதண்ணீர் வரவில்லை என்று அந்த மார்ச் கூட்டத்தில் குரல் எழுப்ப எப்போதும் ஆள் உண்டு. குளித்த தண்ணீர் தெருவில் ஓடுகிறதே, அதற்கு வந்த பணம் என்ன ஆயிற்று என்று கேட்பவர் அரிது. அப்படி ஒரு பணம் வந்ததே பலருக்குத் தெரியாது.

தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு 2020-இல் இரண்டாம் கட்டத்துக்குப் போனபோது, கழிப்பறையோடு நில்லாமல் குப்பைக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து நிதி ஒதுக்கியது. குளியலறை, துணி துவைக்கும் கல், பாத்திரம் கழுவும் தொட்டி ஆகியவற்றிலிருந்து வரும் சாம்பல் நீரைக் கையாள 5,000 பேர் வரை வாழும் ஊருக்குத் தலைக்கு 280 ரூபாய், அதற்கு மேற்பட்ட ஊருக்கு 660 ரூபாய் என்று உச்ச வரம்பு வைத்தார்கள். இதில் 30 விழுக்காட்டை ஊராட்சி தன் நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டியிருந்தது. அந்த மானியத்தையும் இஷ்டத்துக்குச் செலவு செய்ய முடியாது. 15-ஆவது நிதிக்குழு 2021–26 ஆண்டுகளுக்கு அதில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிப்போட்டிருந்தது. மழைநீர் சேகரிப்பும் நீர் மறுசுழற்சியும் அதற்குள் அடக்கம். 3,000 பேர் வாழும் ஊருக்கு 280 ரூபாய்க் கணக்கிலேயே 8,40,000 ரூபாய் வரை வர வழி இருந்தது. இவை தவிர, நூறு நாள் வேலைத் திட்டத்தில் கொல்லைப்புறத்தில் தனிநபர் உறிஞ்சு குழியும், தெருக்குழாயடியில் சமுதாய உறிஞ்சு குழியும் வெட்டப்பட்டன.

இந்த உதவி வீட்டுக்காரர் கையில் மானியமாக வராமல் ஊராட்சியின் கணக்கில் வந்து விழுகிறது. கேட்கிற தெருவுக்குக் குழி கிடைக்கிறது, கேட்காத தெருவுக்குக் கொசு கிடைக்கிறது. ஆகவே கிராம சபையில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இன்ன தெருவில் இத்தனை வீடுகளுக்கு உறிஞ்சு குழி வேண்டும் என்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மேசைக்குப் பின்னால் இருப்பவர் தலைவரானாலும் தனி அலுவலரானாலும் அதற்குக் கடமைப்பட்டவர்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் தேறும்? ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தர வேண்டும் என்கிறது. ஐந்து பேர் இருந்தால் 275 லிட்டர். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சாம்பல் நீராக வெளியேறுகிறது என்று வைத்தால் 180 லிட்டர். குழிக்கு விடாமல் கொல்லைக்குத் திருப்பினால், நாலைந்து வாழையும் ஒரு தென்னையும் கோடையைத் தாண்ட அது போதும்.

குழி வெட்டினால் மட்டும் போதாது, வெட்டிய விதம் சரியாக இருக்க வேண்டும். தோல்வி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீர் நேரே குழிக்குள் விழக்கூடாது. அதற்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டி இருந்து சோற்றுப்பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு, முடி, மண் எல்லாம் அதில் தங்க வேண்டும். இந்த வண்டல் தொட்டி இல்லாத குழி சில மாதங்களில் அடைத்துக்கொண்டு, மூடியிட்ட சாக்கடையாகிவிடும். தொட்டி இருந்தாலும் அவ்வப்போது வழித்துப் போடாவிட்டால் அதே கதிதான். குடிதண்ணீர்க் கிணறு, அடிகுழாய் ஆகியவற்றிலிருந்து குழி குறைந்தது 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கரிசல் மண் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறிவிடும் டெல்டா ஊர்களில் குழி நிரம்பி எதிர்த்துக்கொண்டு வரும். எல்லா ஊருக்கும் ஒரே அளவு, ஒரே வரைபடம் என்று வேலை நடக்கும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? அத்தகைய மண்ணில் குழிக்குப் பதிலாகக் கல்வாழையும் சேம்பும் வளர்த்த பாத்தியில் விடுவதே மேல். அதையும் திட்டத்தில் கேட்கலாம்.

தோட்டத்துக்கு விடுபவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். சாம்பல் நீரை ஒரு நாளைக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். நாற்றம் எடுக்கும், கொசு முட்டையிடும். குழந்தையின் மலம் பட்ட துணியை அலசிய நீர் கழிவறைக்குப் போக வேண்டியது. பச்சையாகத் தின்னும் வெங்காயத்தாள், கொத்தமல்லி போன்றவற்றின் மேல் இதை ஊற்றவே கூடாது. மரத்தின் வேரடியில் விடலாம். சலவைத்தூளில் உள்ள சோடியம் நாளடைவில் மண்ணை இறுக்கிவிடும் என்பதால், இடையிடையே நல்ல தண்ணீரோ மழைத்தண்ணீரோ பாய வேண்டும்.

வேலை நடந்ததாகக் கணக்கில் இருந்து, தெருவில் குழியைக் காணவில்லையா? ஊராட்சியின் வரவு செலவை இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். அதில் சந்தேகம் தட்டினால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதுங்கள். எத்தனை குழிகள், எந்தெந்த வீட்டில், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, எம் புக் எனப்படும் அளவீட்டுப் புத்தகத்தின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இந்தச் சட்டம் தாளை மட்டும் தரவில்லை, வேலையை நேரில் பார்வையிடவும் உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்துவோர் குறைவு. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். கூடவே திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வதும் நல்லது.

நகரத்தின் கதை வேறு. அங்கே அரசு பணத்தைவிட விதியைத்தான் அதிகம் நம்புகிறது. 2003-இல் ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பழைய கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதட்டலுக்குப் பயந்து குழாய் பதித்த வீடுகளில் எத்தனை பேர் அதன் பிறகு வடிகட்டியைக் கழுவினார்கள் என்பது வேறு விஷயம். சென்னையில் இன்னொரு சிக்கலும் உண்டு: பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் கிடையாது, மாதக் கட்டணம் ஒரே அளவு. சிக்கனம் பிடிப்பவரும் திறந்துவிடுபவரும் ஒன்றே கட்டினால், சேமிக்கச் சொல்லும் விளம்பரத்துக்கு என்ன பலன்? இதை மாற்றாமல் வைத்திருப்பது அரசின் பிழை என்றே நினைக்கிறேன்.

அடுக்குமாடிக்காரர்களிடம் மட்டும் உறுதியான ஆயுதம் ஒன்று இருக்கிறது. 20,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 2,15,000 சதுர அடிக்கு, மேற்பட்ட குடியிருப்புக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. கழிவுநீரைச் சுத்திகரித்து ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் திருப்பிவிட வேண்டும் என்பது அந்த அனுமதியில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. வீடு வாங்கும்போது அந்த அனுமதிக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடவில்லை என்றால், 2016-ஆம் ஆண்டின் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவைக் காட்டலாம். சாவி கைமாறிய 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ ஒப்பந்தத்தில் சொன்ன வசதியிலோ குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், கட்டியவர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் ரெரா ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். சங்கத்திடம் ஒப்படைத்தாயிற்று என்று கையைக் கழுவிவிட முடியாது.

அதே நிலையத்தின் தொட்டிக்குள்தான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. மோட்டார் அடைத்துக்கொண்டது என்று பராமரிப்பு ஆளை உள்ளே இறக்கி, விஷவாயு தாக்கி அவர் இறந்த செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ ஒருவரை இறக்குவது கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சாக்கடைச் சாவுகளுக்கு இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் சங்கச் செயலாளர், தொட்டியை இயந்திரத்தால் மட்டுமே சுத்தம் செய்வோம் என்ற வரி அதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.