பள்ளிக்குப் போகாத பாட்டியின் மூன்று மொழிகள்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் வாழும் 90 வயதை எட்டிய பாட்டிமார் பலர் பள்ளிக்கூடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகூட முழுதாக உட்கார்ந்ததில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே அம்மாவுக்குத் துணையாகப் பால்மரம் வெட்டப் போனவர்கள். ஆனால் அவர்கள் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். வீட்டில் தமிழ். கிளினிக்கில் தாதியிடம் மலாய். சீனர் மளிகைக் கடையில் மலாயோடு கலந்த நாலு ஹொக்கியன் சொல். பக்கத்து லயத்தில் தெலுங்குக் குடும்பம் இருந்திருந்தால் தெலுங்கும் கொஞ்சம் வரும். இதை யாரும் படிப்பு என்று கணக்கில் சேர்ப்பதில்லை. மூளை சேர்த்துக்கொள்கிறது என்று சொல்ல ஓர் ஆய்வு இருக்கிறது.

இந்தியாவின் ஹைதராபாத் நகரில், நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தின் நினைவாற்றல் கிளினிக்கில் நடந்தது அது. அந்நகர மக்கள் தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிப் பேசுகிறவர்கள். நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோய் கண்ட 648 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களுக்கு நோயின் அறிகுறிகள் சராசரியாக 61 வயதில் தொடங்கியிருந்தன. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசிய 391 பேருக்கு ஏறக்குறைய நாலரை ஆண்டு கழித்துத்தான் தொடங்கியிருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது இந்த இடைவெளி 6 ஆண்டாக இருந்தது. அதாவது, இது பள்ளிப் படிப்பு தந்த பலன் மட்டும் அல்ல.

இது எப்படி நடக்கும்? இரண்டு மொழி தெரிந்தவர் ஒரு மொழியில் பேசும்போது மற்ற மொழி தூங்குவதில்லை. கடைக்காரரிடம் 'குலா' என்று கேட்க வேண்டிய நொடியில் 'சீனி' என்ற சொல்லும் மூளையில் எழுகிறது. அதை அடக்கி, எதிரில் நிற்பவர் யார் என்று பார்த்து, சரியான சொல்லை விடுவிக்க வேண்டும். மூளையின் முன்பகுதி செய்யும் இந்த வேலை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. எழுபது எண்பது ஆண்டுகள் நடந்தால் அது பெரிய பயிற்சிதான்.

இந்தப் பயிற்சியால் நோய் வராமல் போய்விடாது. நோயின் தாக்கம் வெளியே தெரிய நாள் பிடிக்கிறது, அவ்வளவே. அல்சைமர் நோயில் இரண்டு புரதங்கள் தொல்லை தருகின்றன. அமிலாய்டு நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிகிறது. டாவ் அணுக்களுக்கு உள்ளேயே முறுக்கிக்கொண்டு சிக்காகிறது. அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 678 கன்னியாஸ்திரீகள் ஆண்டுதோறும் சோதனைக்கு உட்பட்டு, இறந்தபின் தங்கள் மூளையைத் தர ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் இறந்தார். கடைசிவரை நினைவுச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றவர். ஆனால் அவர் மூளையைத் திறந்து பார்த்தபோது திட்டுகளும் சிக்குகளும் நிறையவே இருந்தன!

மழைக்காலத்தில் சிலாங்கூர் ஆறு பெருகிப் பெரிய சாலையில் தண்ணீர் ஏறிவிட்டால் வெளியூர்க்காரர் காரை நிறுத்திவிட்டு விழிப்பார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் செம்மண் பாதைகளில் புகுந்து ஊர் சேர்ந்துவிடுவார். சேதமான மூளையும் அப்படி மாற்று வழிகளில் வேலையைச் செய்ய முடியும், வழிகள் முன்பே போடப்பட்டிருந்தால். இதை மூளையின் கையிருப்பு என்று சொல்லலாம். கையிருப்பு தீர்ந்தபின் அறிகுறிகள் வேகமாக வெளிப்படுவதும் உண்டு.

வேறு விதமான மூளையும் இருக்கிறது. நெதர்லாந்தின் ஹென்ட்ரிக்யே வான் ஆண்டல் ஸ்கிப்பர் என்ற பெண்மணி 2005இல் 115 வயதில் காலமானார். அவர் மூளையில் அல்சைமர் சேதமே ஏறக்குறைய இல்லை. ஆகவே, வயதானால் மறதி நோய் வந்துதான் தீரும் என்று நம் வீடுகளில் சொல்லிக்கொள்வது சரியல்ல.

ஹைதராபாத் முடிவை எல்லா ஆய்வாளரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது கிளினிக்குக்கு வந்த நோயாளிகளை மட்டும் பார்த்த ஆய்வு. நலமாக இருக்கும் முதியோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் சிலவற்றில் இந்த வித்தியாசம் தென்படவில்லை. மொழி ஒன்றே காப்பாற்றிவிடும் என்று இருந்துவிட முடியாது.

நம் நாட்டுக் கணக்கும் அதைத்தான் காட்டுகிறது. 2018இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும் என்று தெரிந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் கிராமப்புறத்தவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. சிறுவயதில் படிப்பு கிடைக்காமல் போவது, தடுக்கக்கூடிய 14 காரணங்களில் ஒன்று என்கிறது 2024இல் வெளியான லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை. ஒரே கொட்டகையில் ஒரே ஆசிரியர் மூன்று நான்கு வகுப்புகளை நடத்திய தோட்டப் பள்ளிக்கூடங்களின் விளைவு எண்பது ஆண்டு கழித்தும் மூளையில் தெரிகிறது என்றால், அது அந்தப் பாட்டிகளின் தவறா?

அந்த 14 காரணங்களும் இல்லாதிருந்தால் உலகில் 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அறிக்கையின் மதிப்பீடு. இவற்றில் நம்மவர்களுக்கு நெருக்கமானவை சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும். மூளை நம் எடையில் 2 விழுக்காடுதான். ஆனால் உடலின் சக்தியில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அதுவே செலவழிக்கிறது. மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் அதற்குத் தீனி கொண்டுபோகின்றன. சர்க்கரையும் அழுத்தமும் முதலில் கெடுப்பது இந்தக் குழாய்களைத்தான். 2019 கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. 90 வயதுக்காரரின் மூளையில் பெரும்பாலும் ஒரே நோய் இருப்பதில்லை. அல்சைமர் திட்டுகளும் அடைபட்ட சிறு குழாய்களும் சேர்ந்தே இருக்கும். திட்டுகளை நாம் தடுக்க முடியாவிட்டாலும் குழாய்களை நாற்பது, ஐம்பது வயதிலிருந்தே காப்பாற்றலாம். அந்த வயதில் இப்போது இருப்பவர்கள் உங்கள் அப்பா அம்மா.

காது கேளாமையையும் அறிக்கை பெரிய காரணமாகச் சொல்கிறது. ரப்பர் ஆலையிலும் செம்பனை ஆலையிலும் இயந்திர இரைச்சலில் காலம் கழித்த தாத்தாக்களுக்கு இது புதிதல்ல. பேச்சு சரியாக விழாதவர் மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். மூளைக்கு வரும் வேலையும் குறைகிறது. அமெரிக்காவில் 2023இல் முடிந்த ஒரு சோதனையில், ஏற்கெனவே ஆபத்துக் காரணங்கள் கூடுதலாக இருந்த முதியோருக்குக் காதுக் கருவி பொருத்தியபோது, மூன்றாண்டில் அவர்களின் நினைவு, சிந்தனைத் திறன் சரிவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மற்ற முதியோரிடம் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. சில சமயம் காதில் அடைத்திருப்பது வெறும் குறும்பிதான். அதைக் கிளினிக்கிலேயே எடுத்துவிடுவார்கள்.

தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. லயத்து வீட்டில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டு அக்கா நிற்பார். காலையில் பெரட்டு, மாலையில் கோயில் வாசல் என்று பேச்சுக்குக் குறைவே இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, நாலாவது மாடி அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன பாட்டிக்குக் காலை எட்டு மணி முதல் மாலை வரை துணை தொலைக்காட்சி மட்டுமே. தொலைக்காட்சி பதில் கேட்காது. மூன்று மொழி தெரிந்திருந்தும் பேச ஆள் இல்லை!

பாட்டி சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்து, பிறகு நினைவு வந்தால் அது வயதின் மறதி. சாவி எதற்கு என்பதே தெரியாமல் நின்றால், பழகிய கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் தவித்தால், ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நாலு தடவை கேட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நன்றாக மலாய் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று தாதிக்கும் தமிழிலேயே பதில் சொல்லத் தொடங்கினால் அது பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். டிமென்ஷியாவில் பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுகிறது, தாய்மொழி நிற்கிறது.

கிளினிக்கில் நினைவுச் சோதனை நடக்கும். எழுத்து தெரியாதவரிடம் ஐங்கோணம் வரையவும் வாக்கியம் எழுதவும் சொன்னால், நோய் இல்லாதவரும் தோற்றுப்போவார். 2018 கணக்கெடுப்பில் பயன்பட்டது ஆப்பிரிக்காவின் தான்சானியாவில், பள்ளிக்குப் போகாத முதியோருக்கென்றே உருவாக்கிய சோதனை. பாலம் என்றால் என்ன என்று கேட்பார்கள், விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொல்வார்கள், தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டி அதேபோல் அடுக்கச் சொல்வார்கள். பேனா தேவையில்லை. நீங்கள் துணைக்குப் போனால், பாட்டி பள்ளிக்குப் போனதில்லை என்பதையும் எந்த மொழி நன்றாக வரும் என்பதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேள்விகளைத் தமிழில் மாற்றிச் சொல்லலாம். பாட்டி தடுமாறும்போது விடையை மட்டும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.