புற்றுநோய் குழந்தைகளோடு போராடும் நர்சுகள்: ஊசி போடுவதை விட கஷ்டமான வேலை எது தெரியுமா?

அச்சங்குளம்,

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை இந்தப் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அன்றில் இருந்து இங்கே நர்சு என்றாலே பலருக்கு தீக்காய வார்டுதான் ஞாபகம் வரும்.

ஆனால் நர்சுகள் ராப்பகலாக போராடும் இன்னொரு வார்டும் இருக்கிறது. அது குழந்தைகள் புற்றுநோய் வார்டு. நம் ஊர்க்காரர்கள் இதற்கு மதுரை, சென்னை என்று வெளியூர் போக வேண்டி இருக்கிறது.

தீக்காய வார்டில் ஒரு ராத்திரி தாண்டினால் பாதி கண்டம் தாண்டியது மாதிரி. இங்கே அப்படி இல்லை. குழந்தைகளுக்கு அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய். அதில் பெரும்பாலோருக்கு சிகிச்சை 2 முதல் 3 வருடம் வரை நடக்கும். அத்தனை நாளும் குழந்தையோடு இருப்பவர் நர்சுதான்.

நரம்பு கிடைக்காத கை

முதல் சவால், ஊசி. பெரியவர்களுக்கே நரம்பு தேடித்தான் ஊசி போட வேண்டும். 3 வயது பிஞ்சுக்கு எப்படி இருக்கும்? வாரா வாரம் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, இருக்கிற நரம்பும் சுருங்கிப் போகும்.

வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பிள்ளை வீறிடும். "ராசா, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லி போட்டால், அடுத்த தடவை அந்தப் பிள்ளை நம்பாது. அதனால் விவரம் தெரிந்த நர்சுகள் பொய் சொல்வது இல்லை. "வலிக்கும்டா, 10 எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். நீயே எண்ணு" என்பார்கள். நம்பிக்கை வந்த பிள்ளை, தானாக கையை நீட்டும்.

ஒரு சொட்டு வெளியே போனால்...

இரண்டாவது சவால், மருந்து. ரத்தப் புற்றுநோய்க்கு கொடுக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். நம் ஊரில் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி செடியில் இருந்து கிடைத்ததுதான் இது. அதற்காக இலையைப் பறித்து அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது விஷம். ஆலையில் பிரித்து, அளந்து கொடுத்தால்தான் மருந்து.

இந்த மருந்து நரம்புக்குள் போக வேண்டும். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்து புண்ணாகிவிடும். தவறிப்போய் முதுகுத்தண்டில் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. இப்படி நடந்த தவறுகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2007-ம் ஆண்டு எச்சரிக்கை விட்டது. வின்கிறிஸ்டினை சிரிஞ்சில் வைக்காதீர்கள், சிறிய சலைன் பையில் கலந்து கொடுங்கள் என்றது.

குழந்தையின் எடை, உயரம் பார்த்துத்தான் டோஸ் கணக்கு. போன மாதம் 14 கிலோ, இந்த மாதம் 12 கிலோ என்றால் கணக்கும் மாறும். ஒரு புள்ளி தள்ளிப்போனாலும் பத்து மடங்கு வித்தியாசம் வந்துவிடும். அதனால்தான் 2 நர்சுகள் சேர்ந்து சரிபார்த்து கொடுக்கிறார்கள்.

இந்த மருந்துகள் நர்சுக்கும் ஆபத்துதான். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கர்ப்பிணி நர்சு பக்கத்திலேயே போகக்கூடாது. கீமோ கொடுத்த 2 நாள் வரை குழந்தையின் வாந்தி, சிறுநீரைத் துடைக்கும் தாயும் கையுறை போட வேண்டும்.

காய்ச்சலும் அம்மையும்

கீமோ கொடுத்த சில நாளில் ரத்தத்தில் வெள்ளை அணு குறையும். நோயை எதிர்க்கும் சக்தியே இருக்காது. அப்போது வரும் காய்ச்சல் சாதாரண காய்ச்சல் அல்ல. 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.

வார்டில் இருந்தால் நர்சு பார்த்துக்கொள்வார். வீட்டுக்குப் போன பிறகு? நர்சுகளுக்கு பெரிய கவலை இதுதான். "காய்ச்சல் மாத்திரை கொடுத்தோம், காலையில பாக்கலாம்னு இருந்தோம் சிஸ்டர்" என்று மறுநாள் தூக்கி வருவார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் பரவி இருக்கும்.

அம்மை விஷயத்திலும் இதே கதைதான். தெருவில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் நம் பக்கம் வேப்பிலை கட்டி, அம்மன் வந்திருக்கிறாள் என்று ஆஸ்பத்திரி பக்கமே போக மாட்டார்கள். கீமோ எடுக்கும் குழந்தைக்கு அம்மை தொற்றினால் உயிரையே பறித்துவிடும். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் அம்மை போட்ட வீட்டுப் பக்கம் குழந்தையைக் கொண்டு போகாதீர்கள். தெரியாமல் பழகிவிட்டால் அன்றே வார்டுக்கு போன் போட்டு சொல்லுங்கள்.

பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பரோட்டாவும், வெட்டி வைத்த பழமும் வாங்கி வருவார்கள். நர்சு தடுத்தால், "பிள்ளைக்கு ஆசையா வாங்கிட்டு வந்தோம், இந்தம்மா விடமாட்டேங்குது" என்று சண்டை. அவர் தடுப்பது சாப்பாட்டை அல்ல, கிருமியை.

"எங்களாலதான் வந்துச்சா?"

முடி கொட்டும்போது குழந்தை அழும். நம் ஊரில் மொட்டை புதிது இல்லை என்பதால், கொட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள் என்று நர்சுகள் சொல்கிறார்கள். சிகிச்சை முடிந்தால் முடி வளரும்.

தாயைத் தேற்றுவதுதான் கஷ்டம். "நாங்க வெடி வேலை பாக்குறோம், எங்களாலதான் வந்துச்சா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு புற்றுநோய் ஏன் வந்தது என்று மருத்துவ உலகமே காரணம் கண்டுபிடிக்கவில்லை. தாய் தகப்பன் செய்த பாவமும் இல்லை. தொற்று நோயும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தாராளமாக கூட விளையாடலாம், சளி, காய்ச்சல் இல்லாமல் இருந்தால்.

பாதியில் நிற்பதுதான் பெரிய ஆபத்து

இத்தனையும் சமாளித்த நர்சு தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. 2, 3 மாதத்தில் குழந்தை சிரித்து விளையாட ஆரம்பிக்கும். "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு ஊசி?" என்று குடும்பம் ஊருக்குத் திரும்பிவிடும்.

ஆலையில் ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கடன், பஸ் செலவு, வீட்டில் இன்னும் 2 பிள்ளைகள். பெண் குழந்தை என்றால் சில வீடுகளில் இன்னும் சீக்கிரமாக முடிவு எடுத்துவிடுகிறார்கள். ஆனால் ரத்தத்தில் ஒளிந்திருக்கும் நோய் மறுபடி தலை தூக்கினால், இரண்டாவது தடவை பிழைக்க வைப்பது ரொம்ப கஷ்டம்.

உலகத்தில் வருடத்துக்கு சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர் கூட பிழைப்பது இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாமதமாக வருவது, மருந்து கிடைக்காதது, பாதியில் விடுவது இதற்கு முக்கிய காரணங்கள்.

குறித்த நாளில் வராத குழந்தையின் வீட்டுக்கு போன் போட்டு, "ஏம்மா வரல? பிள்ளைய கூட்டிட்டு வாம்மா, நான் டாக்டர்கிட்ட பேசுறேன்" என்று கெஞ்சுவதும் நர்சு வேலையாகிவிட்டது. ஊசி போடுவதை விட கஷ்டமான வேலை இதுதான்.

ஒருவருக்கு எத்தனை பேர்?

சர்வதேச குழந்தைகள் புற்றுநோயியல் சங்கத்தின் நர்சுகள் குழு 2014-ம் ஆண்டு சில விதிகளை வகுத்தது. 5 குழந்தைகளுக்கு ஒரு நர்சு வேண்டும், பயிற்சி பெற்றவரை வேறு வார்டுக்கு மாற்றக்கூடாது என்பவை அதில் முக்கியமானவை. ஆள் பற்றாக்குறை உள்ள நம் நாட்டில் இது சுலபம் இல்லை. தமிழக அரசு 2015-ல் ஒப்பந்த முறையில் எடுத்த நர்சுகள் ரூ.7,700 சம்பளத்தில் வேலை பார்த்து, 2017 நவம்பரில் சென்னையில் போராட்டத்தில் இறங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. 2 வருடம் "சிஸ்டர், சிஸ்டர்" என்று சுற்றி வந்த பிள்ளை கண் மூடினால், அந்த நர்சு அழக்கூட நேரம் இல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். காரணம், அங்கே இன்னொரு பிள்ளைக்கு மருந்து நேரம்.

நாம் செய்ய வேண்டியது

* முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

* சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரெயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் கிடையாது. கூட போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்று கேட்டு வாங்குங்கள்.

* சிகிச்சை சீட்டையும், வார்டு போன் நம்பரையும் எப்போதும் கையில் வைத்திருங்கள். ராத்திரி காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போய், "கீமோ எடுக்கும் குழந்தை" என்று முதலில் சொல்லுங்கள்.

* பணம் இல்லை, வர முடியாது என்றால் நின்றுவிடாதீர்கள். நர்சிடம் வாய் திறந்து சொல்லுங்கள். வழி இருந்தால் காட்டுவார். சொல்லாமல் நின்றுவிட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.