வரைபலகையும் கணினியும்

பொறியியலின் மொழி வரைபடமாகும். 1963ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்பார் கணினித் திரையில் ஒளிப்பேனாவினாற் படம் வரையும் முறையை வெளியிட்டார். 1982இல் வெளிவந்த ஆட்டோகாட் அக்கலையை மேசைக் கணினிக்கும் உரியதாக்கிற்று.

கண்டி நகரிற் பகலிற் தொழில் புரிந்து, மாலையில் இதனைப் பயிலும் தொழினுட்பவியலாளர் முதற்கண் விடவேண்டுவது பழைய அளவுத்திட்டப் பழக்கமாம். தாளில் நூறிலொன்றாகச் சுருக்கிய சுவரைத் திரையில் உண்மையளவிலேயே வரைதல் வேண்டும். சுருக்கம் அச்சிடுங்காலத்து வருவது. சுவர், நீர்க்குழாய், மின்கம்பி என்பன தனித்தனிப் படலங்களில் அமைதல் வேண்டும்.

எனினும், மலைச்சரிவில் அத்திவாரம் எவ்விடத்துப் படியாக இறங்கவேண்டும் என்பதைக் கோடு தானே கூறாது. அங்கு நேரும் பிழை தாளோடு நில்லாது சுவரையும் பிளக்கும். அதனை உணர்ந்தவர், மண்ணில் நின்று தொழில் கற்றவரே. ஆதலின் அவர் இளைஞரிடையே அமர்ந்து பயில நாணவேண்டுவதில்லை. கைவந்த அறிவுக்குப் புதியதோர் எழுதுகோலையே அவர் பெறுகின்றார்.